1064-ல் குடியிருப்பது யார்?

நியோடிமியம் கலந்த கண்ணாடித் துண்டை வெயிலில் பிடித்தால் கத்தரிப்பூ நிறம். அதையே டியூப்லைட்டின் கீழே கொண்டுவந்தால் வெளிர் நீலம். கல்வத்தில் போட்டு அரைத்தால் இரண்டு நிறமும் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளைப் பொடி. கற்கண்டை இடித்தால் வெளுப்பதும் இதே கதைதான். துகளுக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு விளிம்பிலும் ஒளி திசைமாறுகிறது. அந்தச் சிதறலைத்தான் நாம் வெள்ளை என்கிறோம்.

சாதாரண லேசர் செய்பவருக்குச் சிதறல் என்றால் நஷ்டம். கண்ணாடியில் ஒரு குமிழி இருந்தாலே தூக்கி எறிவார். சாதாரண லேசரில் ஒளியைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்புவது இரண்டு ஆடிகள். ஆடியில்லாத ரேண்டம் லேசரில் அந்தச் சிதறல்தான் ஆடிகளின் வேலையைச் செய்கிறது. வெளியேறப் பார்க்கும் ஒளி துகள்களில் முட்டி மோதி உள்ளேயே அலைகிறது. அலையும் தூரம் கூடக்கூட, கிளர்ந்த அயனிகளைத் தூண்டி, தன்னைப் பெருக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. ஓர் ஆடிக்குப் பதிலாகச் சிதறும் பரப்பை வைத்துப் பார்த்த சோவியத் சோதனை 1966-இல் வந்தது. ஆடியே இல்லாத பெருக்கத்துக்கு லெட்டோகோவ் 1968-இல் கணக்குப் போட்டார். நியோடிமியம் உள்ள பொடியில் தூண்டு உமிழ்வை மார்குஷெவ் குழு 1986-இல் காட்டியது. பரவலான கவனம் கிடைத்ததோ 1994-இல்தான். அப்போது லவாண்டி குழு பயன்படுத்தியது நியோடிமியம் போன்ற அருமண் அல்ல, சாயக் கரைசலில் மிதக்கவிட்ட டைட்டானியம் டை ஆக்சைடு.

கிண்டியிலோ தரமணியிலோ ஓர் ஆய்வகத்தில், ஃபர்னஸும் பச்சை பல்ஸ் லேசரும் ஏற்கெனவே இருக்கின்றன என்ற நிலையில், டெல்லூரியம் ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட டெல்லூரைட் கண்ணாடிப் பொடியில் இதைச் செய்வது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. பொடி செய்வது இரண்டு நாள் வேலை. நிறமாலையில் 1064 நானோமீட்டர் அருகே வந்த சிகரம் பொடியினுடையதுதானா என்று உறுதி செய்ய இரண்டு மாதம் ஆகலாம். அதனால் எழுத்தும் அந்தப் பக்கமே சாயும்.

முதலில் ஒரு கணக்கு

டெல்லூரைட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முதல் காரணம் ஒளிவிலகல் எண். சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் 1.5 அருகே நிற்க, டெல்லூரைட் ஏறக்குறைய 2. காற்றோடு வேறுபாடு கூடுவதால் சிதறலும் கூடும். இரண்டாவது காரணம், 850 டிகிரிக்குள் உருகிவிடும்.

அருமண்களில் நியோடிமியத்தை எடுப்பதற்குக் காரணம் அதன் நான்கு மட்ட அமைப்பு. 1.06 மைக்ரான் உமிழ்வு வந்து இறங்கும் மட்டம், தரைமட்டத்துக்கு மேலே, ஆற்றல் அளவில் சென்டிமீட்டருக்குச் சுமார் 2000 என்ற அலையெண் உயரத்தில் இருக்கிறது. அறை வெப்பத்தில் அங்கே நிற்கும் அயனிகள் பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே உமிழ்ந்த ஒளியை அதே பொடி திரும்ப விழுங்காது. எர்பியத்தின் 1.53 மைக்ரான் உமிழ்வு நேரே தரைமட்டத்தில் இறங்குகிறது. ஒளியை நீண்ட தூரம் அலையவிடும் பொடியில் இது பெரிய தண்டனை. எர்பியத்தை இழையில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி எண்கள். கீழே சொல்லும் கலவையில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 பெருக்கல் 10-இன் அடுக்கு 20 என்ற அளவில், அதாவது 70 லட்சம் கோடி கோடி நியோடிமியம் அயனிகள் இருக்கும். அவற்றில் பத்தில் ஒரு பங்கு கிளர்ந்த நிலைக்குப் போனால், பெருக்க நீளம், அதாவது ஒளி ஏறக்குறைய 2.7 மடங்காகப் பெருக ஓட வேண்டிய தூரம், சுமார் 3.6 மில்லிமீட்டர். நன்றாக அரைத்து அழுத்திய பொடியில் ஒளி தன் திசையை மறக்கும் தூரத்தை 5 மைக்ரான் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கி, மூன்றால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, π-ஆல் பெருக்கினால் லெட்டோகோவின் எல்லைத் தடிமன் கிடைக்கும்: ஏறக்குறைய 240 மைக்ரான். அவ்வளவு ஆழத்துக்குப் பெருக்கம் இருந்தால் போதும், கசிவைப் பெருக்கம் வென்றுவிடும்.

சிக்கல் இங்கேதான். அயனிகளைக் கிளப்பும் பம்ப் ஒளியும் அதே பொடிக்குள் நுழைய வேண்டுமே. கண்ணாடியில் பம்ப்பின் உறிஞ்சல் நீளம் 1.4 மில்லிமீட்டர் என்றால், பொடிக்குள் அது இறங்கும் ஆழம் 50 மைக்ரானைத் தாண்டாது. தேவை 240, கிடைப்பது 50. உடனே எல்லோரும் செய்வது இன்னும் நுணுக்கி அரைப்பது. அது வீண். எல்லைத் தடிமனும் பம்ப் இறங்கும் ஆழமும் சிதறல் நீளத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஏறி இறங்குகின்றன. அரைத்தால் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் அப்படியே நிற்கும். விகிதத்தை மாற்றுவது பெருக்க நீளமும் உறிஞ்சல் நீளமும் மட்டுமே. ஒன்று பம்ப் ஆற்றலைக் கூட்டுங்கள், அல்லது உறிஞ்சல் உச்சியிலிருந்து சற்று விலகிய அலைநீளத்தில் பம்ப் செய்யுங்கள். ஒளி பொடிக்குள் விரவிப் பரவுவதாகக் கொள்ளும் இந்தக் கணக்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவே. அலைநீளத்தைவிடப் பெரிய துகளுக்குள்ளேயே ஒளி முழு அகப் பிரதிபலிப்பில் சுற்றுவதெல்லாம் இதில் சேரவில்லை. மாவுபோல் அரைத்ததைவிடச் சற்றுப் பருமனான துகள் நன்றாக வேலை செய்தால் ஆச்சரியப்படத் தேவையில்லை.

செறிவு பற்றி ஒரு வார்த்தை. நியோடிமியம் அதிகமானால் அயனிகள் ஆற்றலைத் தமக்குள் பங்குபோட்டுக்கொண்டு அணைந்துவிடும். எல்லாப் பாடப்புத்தகமும் இதை எச்சரிக்கிறது, உண்மையும்கூட. ஆனால் அணைவது எவ்வளவு நேரத்தில்? நீர்த்த கலவையில் நூறு மைக்ரோ விநாடிக்கு மேல் இருக்கும் ஆயுள், அடர்ந்த கலவையில் சில பத்து மைக்ரோ விநாடியாகச் சுருங்கும். பம்ப் பல்ஸோ 7 நானோ விநாடி. வீட்டுத் தொட்டியில் ஓட்டை இருந்தாலும், நிரப்பிய மறுநொடியே குளித்துவிடுபவருக்கு ஓட்டையால் என்ன? பல்ஸ் பம்ப்பில் அடர்த்தி நல்லது. தொடர்ந்து எரியும் 808 நானோமீட்டர் டையோடு லேசரால் பம்ப் செய்ய நினைப்பவருக்குத்தான் இது வினை. அவருடைய பொடி லேசர் ஆவதற்கு முன்பே வெந்துவிடும்.

உருக்கு

கலவை: மோல் கணக்கில் 80 பங்கு டெல்லூரியம் டை ஆக்சைடு, 20 பங்கு துத்தநாக ஆக்சைடு. 20 கிராமுக்கு எடையாக 17.74 கிராமும் 2.26 கிராமும். அதன் மேல் 0.80 கிராம் நியோடிமியம் ஆக்சைடு. இதே கலவையில் நியோடிமியம் இல்லாத இன்னொரு 20 கிராமையும் அதே நாளில் உருக்கி வையுங்கள். ஏன் என்பது பின்னால் தெரியும். பல பேர் தவிர்த்துவிட்டு வருந்துவது இதைத்தான்.

நியோடிமியம் ஆக்சைடு குப்பி சென்னைக் காற்றில் திறந்து மூடப்படும் ஒவ்வொரு தடவையும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடிக்கிறது. முழுவதும் ஹைட்ராக்சைடாக மாறிவிட்டால் எடை 16 சதவீதம் கூடும். நீங்கள் 0.80 என்று நிறுத்தது உண்மையில் 0.69. எனவே நிறுக்கும் முன் 900 முதல் 1000 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டு, ஈரம் புகாத கலமான டெசிகேட்டரில் ஆறவைத்து, எடுத்த கையோடு நிறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெசிகேட்டரின் நீல சிலிக்கா ஜெல் சில நாளிலேயே இளஞ்சிவப்பாகிவிடும். அதையும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆக்சைடின் மூலம் நமக்குத் தூரத்து உறவல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் கிடைக்கும் மோனசைட்டில் சீரியம், லாந்தனம், தோரியத்தோடு நியோடிமியமும் இருக்கிறது.

உருக்கும் கலமான மூசை விஷயத்தில் கஞ்சத்தனமும் ஆபத்து, தாராளமும் ஆபத்து. அலுமினா மூசை மலிவு, ஆனால் உருகிய டெல்லூரைட் அதைக் கொஞ்சம் கரைக்கும். கலவை சற்று நகரும். பிளாட்டினம் சுத்தம். ஆனால் கலவையில் காகிதத் துணுக்கோ, அசிட்டோன் மிச்சமோ, விரல் எண்ணெயோ இருந்தால் டெல்லூரியம் உலோகமாக ஒடுங்கி, பிளாட்டினத்தோடு கூட்டுச் சேர்ந்து, மூசையை ஓட்டையாக்கிவிடும். தங்க மூசையும் சிலர் வைத்திருப்பார்கள். தங்கம் உருகுவது 1064 டிகிரியில். இந்தக் கட்டுரை முழுவதும் துரத்தப்போகும் எண் அதுவே என்பது வெறும் தற்செயல்.

ஃபர்னஸை 800-லிருந்து 850 டிகிரிக்குள் நிறுத்தி அரை மணி நேரம். நடுவில் இரண்டு முறை மூசையைச் சுழற்றுங்கள். கட்டாயம் புகைக்கூண்டுக்குள், டெல்லூரியம் உடம்பில் ஏறினால் மூச்சில் பூண்டு நாற்றம் நாள்கணக்கில் போகாது, நாற்றத்தோடு நிற்கவும் நிற்காது. உருகியதில் பாதியை 300 டிகிரிக்குச் சூடேற்றிய பித்தளை அச்சில் ஊற்றி, 320 டிகிரிக்கு அருகே இரண்டு மணி நேரம் பதப்படுத்தி, மெதுவாக ஆறவிடுங்கள். இது ஒப்பிடுவதற்கான தெளிவான பட்டை. மீதிப் பாதியை அறை வெப்பத்தில் இருக்கும் தடித்த பித்தளைத் தட்டில் ஊற்றிவிடலாம். படபடவென்று வெடித்துச் சிதறும். சிதறட்டும், எப்படியும் அரைக்கத்தான் போகிறோம். தண்ணீரில் மட்டும் ஊற்ற வேண்டாம். ஹைட்ராக்சில் கண்ணாடியில் ஏறினால் நியோடிமியத்தின் கிளர்வை உறிஞ்சி வெப்பமாக்கிவிடும்.

அரைத்தல், படியவைத்தல்

அகேட் கல்வம், அகேட் குழவி. சிர்கோனியா உருண்டை போட்ட மில் இருந்தால் அதுவும் சரி. தேய்ந்து கலக்கும் சிர்கோனியா பெருக்கம் தராது, சிதறலைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவே. எஃகு மட்டும் ஆகாது. ஃபெரஸ் இரும்பின் உறிஞ்சல் சரியாக 1 மைக்ரானைச் சுற்றிப் பரந்து கிடக்கிறது. துளி இரும்பு கலந்தாலும் லேசருக்குக் கிடைக்க வேண்டிய ஒளியை அது தின்றுவிடும்.

துகள் அளவைப் பிரிக்கச் சல்லடை 20 மைக்ரானுக்குக் கீழே தடுமாறும். படியவைப்பதே எளிது. எத்தனாலுக்கு உரிமம், பதிவேடு என்று அலைய வேண்டியிருப்பதால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போதும். 30 டிகிரி அறையில், 10 சென்டிமீட்டர் உயர ஆல்கஹால் பத்தியில், 10 மைக்ரான் டெல்லூரைட் துகள் மேலிருந்து அடிக்கு வர ஏறக்குறைய 12 நிமிடம். 5 மைக்ரானுக்கு 48 நிமிடம். 2 மைக்ரானுக்கு 5 மணி நேரம். ஆக, கலக்கி 12 நிமிடம் விட்டு மேலே நிற்கும் பாலை வேறு குவளைக்கு மாற்றுங்கள்; 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை அடியில் தங்கிவிட்டன. மாற்றியதை 48 நிமிடம் விட்டு மேல்நீரைக் கொட்டினால் அடியில் இருப்பது பெரும்பாலும் 5-லிருந்து 10 மைக்ரான். கூடவே படிந்த நுண்தூளை விரட்ட, புதிய ஆல்கஹால் ஊற்றி இதே 48 நிமிடத்தை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டும். பிறகு 120 டிகிரி அடுப்பில் ஓர் இரவு.

பித்தளைத் தகட்டில் 5 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் ஆழக் குழி. பொடியை நிரப்பி, தட்டையான கம்பி முனையால் அழுத்தி, மேற்பரப்பை பிளேடால் வழித்துவிடுங்கள். மேலே கண்ணாடி வில்லை போட்டு மூடும் ஆசை வரும், போடாதீர்கள். அதன் இரண்டு முகமும் ஒளியைத் திருப்பியனுப்பும். ஆடியில்லாத லேசர் என்று சொல்லிவிட்டு ஆடி வைப்பது நியாயமில்லை.

சிதறல் நீளத்தை அனுமானிக்காமல் அளக்க முடிந்தால் நல்லது. 633 நானோமீட்டர் ஹீலியம்–நியான் லேசரில், வந்த திசையிலேயே திரும்பும் ஒளி சற்றுக் கூடித் தெரியும் பின்சிதறல் கூம்பைப் பாருங்கள். 5 மைக்ரானுக்கு அதன் அரை உயர அகலம் சுமார் 0.8 டிகிரி.

பச்சை ஒளியும் அதன் நிழல்களும்

நியோடிமியம் கலந்த யாக் படிக லேசரின் 1064 நானோமீட்டர் ஒளியை அதிர்வெண் இரட்டித்துப் பெறும் 532 நானோமீட்டர் பல்ஸ்தான் பெரும்பாலான ஆய்வகங்களில் கைக்கு எட்டுவது. நியோடிமியத்தின் பச்சை உறிஞ்சலின் தோளில் அது விழுகிறது. 808-ஐவிடச் சூடு அதிகம். 532-இல் விழுங்கும் ஆற்றலில் பாதி வெப்பமாகப் போகிறது, 808-இல் கால் பங்குதான். ஆற்றல் எவ்வளவு வேண்டும்? பத்தில் ஒரு பங்கு அயனிகளைக் கிளப்ப ஒரு கன சென்டிமீட்டருக்கு 26 ஜூல். 50 மைக்ரான் ஆழத்துக்கு அது சதுர சென்டிமீட்டருக்கு 0.13 ஜூல். வெள்ளைப் பொடி விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பியடித்துவிடும் என்பதால் அதைப்போல் நான்கைந்து மடங்கு விழ வேண்டும். 1 மில்லிமீட்டர் விட்டப் புள்ளிக்கு இது சுமார் 5 மில்லி ஜூல். சிறிய புள்ளி வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்றால், ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். பம்ப் செய்தீர்கள், ஸ்பெக்ட்ரோமீட்டரில் 1064-இல் ஊசிபோல் ஒரு சிகரம் எழுந்தது. யார் அது?

முதல் சந்தேக நபர், யாக் லேசரின் சொந்த 1064. இரட்டிக்கும் படிகத்தில் மாறாமல் தப்பிய ஒளி பச்சையோடு கூடவே வருகிறது. நூற்றில் ஒரு பங்கை மட்டும் விடும் டைக்ரோயிக் ஆடிக்குப் பின்னாலும் பல மைக்ரோ ஜூல் மிஞ்சும். அது பொடியில் பட்டுச் சிதறி டிடெக்டருக்குள் போகும். இரண்டாம் நபர், ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசை. 532-இன் இரண்டாம் வரிசை விழும் இடம் 1064 என்றே ஸ்பெக்ட்ரோமீட்டர் காட்டும். 355-க்கு மாறித் தப்பலாம் என்றால் அதன் மூன்றாம் வரிசையும் அங்கேயே வந்து உட்காரும். மூன்றாமவர்தான் உங்கள் பொடி. அவர் சரியாக 1064-இல்கூட இருக்க வேண்டியதில்லை. டெல்லூரைட்டில் உச்சி பெரும்பாலும் 1062 பக்கம் நிற்கும். மிகக் கூர்மையாக, பம்ப் கூட்டினாலும் குறைத்தாலும் இம்மி நகராமல் 1064.1-இல் ஒரு சிகரம் நின்றால் அது உங்களுடையது அல்ல என்றே முதலில் எண்ணுங்கள்.

பரிகாரம் கடினமில்லை. பம்ப் பாதையில் ஒன்றுக்கு இரண்டாக டைக்ரோயிக் ஆடிகள், அவற்றின் பின்னே அகச்சிவப்பை விழுங்கும் நீலப்பச்சைக் கண்ணாடி வடிகட்டி. வடிகட்டியைக் கதிர் குவியும் இடத்தில் வைக்க வேண்டாம், வெடிக்கும். ஸ்பெக்ட்ரோமீட்டரின் பிளவுக்கு முன்னால் 850-க்கு மேல் மட்டும் விடும் வடிகட்டி. பச்சை உள்ளே போகாவிட்டால் இரண்டாம் வரிசையும் இல்லை. பிறகு, அன்று உருக்கி வைத்த நியோடிமியமில்லாப் பொடியை அதே குழியில் அதே ஆற்றலில் வையுங்கள். அங்கேயும் சிகரம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு மேசையைத் தேடுங்கள். வராவிட்டால் மேலே போகலாம். ஆய்வகத்தில் தரும் பாதுகாப்புக் கண்ணாடி பச்சையை மட்டும் தடுப்பதா, 1064-ஐயும் சேர்த்துத் தடுப்பதா என்பதையும் அப்போதே பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி கண்ணைக் கேட்டுக்கொண்டு சுடாது.

எங்கள் பார்வையில் இன்னும் நம்பகமான சாட்சி ஒன்று உண்டு, பலரும் அதைக் கூப்பிடுவதேயில்லை. நியோடிமியத்தின் அதே மேல்மட்டத்திலிருந்து 890 நானோமீட்டர் அருகிலும் ஓர் உமிழ்வு வருகிறது. இரண்டும் ஒரே தொட்டியின் இரண்டு குழாய்கள். லேசர் தொடங்கும் பம்ப் ஆற்றலை வாசல் என்போம். அந்த வாசலுக்குக் கீழே 1062-க்கும் 890-க்கும் உள்ள விகிதம் பம்ப்பை எவ்வளவு கூட்டினாலும் மாறாது. வாசலைத் தாண்டியதும் 1062 தொட்டியைக் காலிசெய்யத் தொடங்கும். 890 ஏறுவது தளர்ந்து, விகிதம் கிளம்பும். சிலிக்கான் டிடெக்டர் 1064-இல் அரைக்குருடு, 890-இல் நன்றாகவே பார்க்கும். ஆகவே இந்தச் சோதனைக்கு அதன் உணர்திறன் சரிக்கட்டல் தவறினாலும் பரவாயில்லை, விகிதம் மாறுகிறதா என்பதே கேள்வி. முழு வேலைக்கு இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர்தான் வேண்டும். இணைக்கும் கேபிள், கனெக்டர் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைத்துவிடும். டிடெக்டரை அங்கே தேட வேண்டாம்.

வாசலைத் தாண்டியதா?

கோடு குறுகினாலே லேசர் என்று எழுதிவிடுகிறார்கள். பின்னூட்டமே இல்லாமல், ஒருமுறை பெருகி வெளியேறும் ஒளிக்கும் கோடு குறுகும். வேறுபடுத்த அந்தத் தெளிவான பட்டையை எடுங்கள். அதே செறிவு, அதே பம்ப். பட்டையில் குறுகாமல் பொடியில் மட்டும் குறுகினால் சிதறலுக்குப் பங்கு உண்டு. கீழே 25, 30 நானோமீட்டர் அகலத்தில் பரந்து கிடந்த உமிழ்வு மேலே சில நானோமீட்டருக்குச் சுருங்க வேண்டும். ஃபோட்டோடையோடில் மைக்ரோ விநாடி வால் மறைந்து, நானோ விநாடிக் குத்து எழ வேண்டும். உள்ளிடு ஆற்றலுக்கு வெளியீட்டை மடக்கை அளவில் வரைந்தால் சாய்வு இடையில் செங்குத்தாகி மறுபடி தணிய வேண்டும். இவற்றில் ஒன்று மட்டும் நடந்தால் போதாது.

ஆற்றலை ஏறுவரிசையில் மட்டும் எடுக்காதீர்கள். ஏறிவிட்டு இறங்குங்கள். இறங்கும் கோடு ஏறிய கோட்டின் மேல் விழாவிட்டால் பொடி கெட்டுவிட்டது. கண்ணாடிப் பொடி வெப்பத்தைக் கடத்தாது. சில மில்லி ஜூலில் துகள்கள் துள்ளி வெளியேறி நடுவில் சிறு பள்ளம் விழும். பத்து ஹெர்ட்ஸில் ஓயாமல் அடித்தால் பள்ளத்தின் விளிம்பு கறுக்கும். ஈரமேறிய பொடி இன்னும் மோசம், கட்டிகட்டியாகத் தெறிக்கும். ஏசியை அணைத்து வைத்திருந்த அறையில் காலையில் போட்டதும் அளக்கத் தொடங்குவதும் தவறு. இரட்டிக்கும் படிகத்தின் கோணப் பொருத்தம் வெப்பத்தோடு நகரும், பச்சையின் ஆற்றல் முதல் அரை மணி நேரம் நழுவிக்கொண்டே இருக்கும்.

சராசரி எடுப்பதற்கும் பொறுமை வேண்டும், சராசரி எடுக்காமல் இருப்பதற்கும். ஒவ்வொரு பல்ஸின் நிறமாலையையும் தனித்தனியாகச் சேமியுங்கள். ஆயிரம் பல்ஸுக்கு 100 விநாடிதான். வாசலுக்குக் கீழே பல்ஸுக்குப் பல்ஸ் ஏற்ற இறக்கம் சாதாரண மணிவடிவப் பரவல். வாசலருகே திடீரென்று பெரும் வெடிப்புகள் வரத் தொடங்கும், பரவலுக்கு நீண்ட வால் முளைக்கும். நன்றாக மேலே போனால் மறுபடி அடங்கும். பல்ஸ்களின் நிறமாலைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டால், கீழே பூஜ்ஜியத்தைச் சுற்றி இருக்கும் அந்த எண் மேலே கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று இரண்டு முனைகளுக்கு ஓடும். இது ஸ்பின் கண்ணாடிகள் எனப்படும் ஒழுங்கற்ற காந்தப் பொருள்களுக்காக இத்தாலிய இயற்பியலாளர் பாரிசி உருவாக்கிய அளவு. 2021-இல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. ரேண்டம் லேசரில் இதைச் சோதனையாகக் காட்டியது 2015-இல்.

அந்த அழகான இரட்டைச் சிகரத்தைப் பார்த்து மகிழும் முன் ஒரு காரியம் பாக்கி. பம்ப் லேசரே பல்ஸுக்குப் பல்ஸ் ஆடினால் எல்லா நிறமாலையும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஒப்புமைக் கணக்கு அதையும் கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்றே படிக்கும். பம்ப் பாதையில் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து, நாலு சதவீதத்தைப் பிரித்து, தனி டையோடில் ஒவ்வொரு பல்ஸின் ஆற்றலையும் பதிவுசெய்யுங்கள். சராசரியிலிருந்து இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகிய பல்ஸ்களைத் தள்ளிவிட்டு, மீதியை அவற்றின் ஆற்றலால் வகுத்து, மறுபடி கணக்கிடுங்கள். புள்ளியைச் சற்று நகர்த்தி, புதிய பொடிப் பரப்பில் இன்னொரு ஆயிரம் எடுங்கள்.